படத்தில் இருப்பது கதண்டு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை மியன்மாவிலுள்ள பெகுவிலிருந்து இணையத்தில் நாள்தோறும் வாசித்து வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் கதண்டு எனப்படும் பெருங்குளவிகளைப் பற்றிய ஒரு செய்தியும் அதனுடன் ஒரு வண்ணப் படமும் வந்திருந்தன. செய்தியில் எனக்கு மாறுபாடு இல்லை. கூட்டமாக வந்து கொட்டும் கதண்டு உண்மையிலேயே அஞ்சத்தக்கதுதான். ஆனால் படத்தில் இருப்பது கதண்டு அன்று, தனித்து வாழும் மண்குளவி. படத்தின் கீழே, இத்தகைய கூட்டைக் கண்டால் உடனே தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்த ஒருவர், தீயணைப்பு வண்டிக்குக்கூடக் காத்திராமல், பூசையறைச் சுவரில் இருந்த கூட்டை மண்ணெண்ணெய்த் துணி சுற்றிய கழியால் கொளுத்தப் போய், முருகன் படத்தின் மரச்சட்டத்தைக் கருக்கிக்கொண்டார். கூடு மண்ணால் ஆனது. அது எரியவே இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பூச்சியின் இடை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நூலைப் போல மெலிந்து நீண்ட ஒரு காம்பு இருக்கிறது. உடல் பெரும்பாலும் கருப்பு, அந்தக் காம்பு மட்டும் பளிச்சென்ற மஞ்சள். கால்களில் மஞ்சளும் கருப்பும் கலந்திருக்கின்றன. கதண்டுக்கும் இடை உண்டு, ஆனால் அதன் பருத்த வயிறு மார்பை ஒட்டினாற்போலவே தொடங்கிவிடுவதால் காம்பு என்று சொல்லத்தக்க எதுவும் வெளியே தெரியாது. தமிழகத்திலும் இங்கும் பரவலாகக் காணப்படும் கதண்டுகளின் வயிற்றில் முன்பகுதியில் அகன்ற மஞ்சள் பட்டையும் பின்பகுதியில் முழுக் கருப்பும் இருக்கும். படத்தில் அப்படிப்பட்ட பட்டை இல்லை.

அடுத்தது சிறகு. கதண்டு உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகுகளை நீளவாக்கில் விசிறியைப் போல மடித்துக்கொள்ளும். அதனால் சிறகு குறுகிய பட்டையாகத் தோன்றும். மண்குளவி மடிப்பதில்லை, விரித்தபடியே முதுகின்மேல் படியவைக்கும். ஆயினும் சிறகு மடிப்பை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. குட்டிப் பானையைப் போலக் கழுத்து வைத்துக் கூடு கட்டும் பானைக்குளவியும் தனித்து வாழ்வதுதான், மண்ணால் கட்டுவதுதான். ஆனால் கதண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதுவும் சிறகை மடிக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் கண்ணையும் பார்க்கலாம். கதண்டுக்கும் பானைக்குளவிக்கும் கூட்டுக்கண்ணின் உட்புறம் அவரை விதையைப் போல ஒரு குழிவு இருக்கும். மண்குளவிக்கு அந்தக் குழிவு இல்லை.

இத்தனையும் பார்க்க நேரமில்லாதவர்கள் கூட்டை மட்டும் பார்த்தாலே போதும். கதண்டு மரநாரை மென்று, உமிழ்நீரில் குழைத்து, காகிதம் போன்ற ஒரு பொருளைச் செய்து, அதைக்கொண்டு அடுக்கடுக்காக அறைகள் அமைத்து, மேலே உறையும் போட்டுப் பெரிய கூடாகக் கட்டும். அதில் இராணியும் நூற்றுக்கணக்கான வேலைக்காரக் குளவிகளும் இருக்கும். ஒன்றைச் சீண்டினால் எல்லாம் புறப்பட்டு வரும். தங்கள் படத்திலிருப்பதோ சுவரில் அப்பிய, உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண் கட்டி. அதைக் கட்டியது ஒரே ஒரு பெண்குளவி. அதற்குக் காவலாளியும் இல்லை, படையும் இல்லை. கையால் பிடித்து நசுக்கினால் கொட்டும், அவ்வளவுதான். கூட்டைக் காப்பதற்காக ஆள்மேல் பாய்வதில்லை. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, ஏனெனில் முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியிருக்கிறது.

இந்த இனத்தின் அறிவியல் பெயர் செலிஃப்ரான் மத்ராஸ்படானம். 1781-இல் டென்மார்க்கு நாட்டுப் பூச்சியியலர் ஃபேப்ரிசியஸ் இதை விவரித்தபோது மதராசப்பட்டினத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார். சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு நாளிதழ் சென்னையின் பெயர் கொண்ட குளவியை அடையாளம் தவறிவிட்டதே என்று, கப்பலேறி வந்தவர்களின் பேரனாகிய எனக்குச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது. பர்மாக் காட்டிலாகாவில் பணியாற்றிய பிங்ஹாம் என்ற அதிகாரி, இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் குளவிகளையும் தேனீக்களையும் 1897-இலேயே இனம் இனமாக விவரித்து ஒரு தொகுதி வெளியிட்டார். ஆகவே இது புதிதாக எங்கிருந்தோ வீடு தேடி வந்த பூச்சி அன்று.

இங்கே வைகாசியில் மழை பிடித்து முற்றத்தில் சேறு கண்டதும் எங்கள் சமையலறைச் சன்னலில் வேலை தொடங்கிவிடும். குழாயடியில் இறங்கும் குளவி, வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சேற்றில் அழுத்தி, மெல்லிய ரீங்காரத்துடன் மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை ஒன்றைத் திரட்டும். அதைத் தாடைகளில் கவ்வி வந்து கூட்டின் விளிம்பில் வைத்து, மறுபடியும் ரீங்காரமிட்டபடி வளைத்துப் பூசும். அந்த ஒலி வீண் சத்தமன்று; அந்த அதிர்வினால் ஈரமண் இளகிப் படிந்துகொள்கிறது. ஒவ்வோர் உருண்டையும் ஒரு பிறை போலப் படிவதால், காய்ந்த பிறகும் அறையின் மேல் வரிவரியாகத் தெரியும். விரற்கணு நீளத்தில் ஓர் அறை முடிந்ததும் சிலந்தி வேட்டைக்குப் புறப்படும்.

ஒருமுறை சன்னல் துடைக்கையில் தவறி விழுந்து உடைந்த ஓர் அறையை என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். உள்ளே 11 சிலந்திகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. ஈர்க்கால் தொட்டபோது ஒன்றிரண்டின் கால்கள் துடித்தன. கொடுக்கின் நஞ்சு அவற்றைக் கொல்லவில்லை, முடக்கி மட்டும் வைத்திருந்தது. கொன்றிருந்தால் இந்தப் புழுக்கத்தில் இரண்டு நாளில் அழுகிப் போயிருக்கும். அடியிலிருந்த ஒரு சிலந்தியின் வயிற்றில் வெள்ளரிசிக் குருணை போல ஒரு முட்டை ஒட்டியிருந்தது. அதிலிருந்து வரும் புழு, அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூடு நூற்று, குளவியாகி, மண்ணைக் குடைந்து வெளியே வரும்.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று ஒரு பையன் பாட்டியிடம் கேட்டதைச் சொன்னான். சிலந்தி இருக்க வேண்டிய இடத்தில் புழு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அந்தச் சொல் பானைக்குளவியைப் பார்த்தே பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதுதான் பச்சைப் புழுக்களைக் கொட்டிக் கொண்டுவந்து அடைப்பது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்பதுவரை கண்டவர் சரியாகவே கண்டிருக்கிறார். கதண்டு, வேட்டுவன், குளவி என்று தனித்தனிச் சொற்களை வைத்துப் பேசிய மொழியில் எழுதும் நாம் எல்லாவற்றையும் கதண்டு என்ற ஒரே சொல்லில் அடைப்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே அடுத்த ஞாயிறு பதிப்பில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காகிதக் கூட்டின் படத்தையும் மண்கூட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் நீண்ட விளக்கம் தேவைப்படாது. மண்கூடு சுவருக்கு அழகில்லை என்று நினைப்பவர்கள், அறை ஒவ்வொன்றிலும் வட்டமான துளை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, விழுந்திருந்தால் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். உள்ளே இருந்தது பறந்துபோய்விட்டது என்று பொருள். எங்கள் சன்னல் கூட்டை இந்த மழைக்காலத்தில் எடுத்த படங்கள் என்னிடம் உள்ளன. குளவியின் மஞ்சள் காம்பும் அந்தத் துளைகளும் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. தேவையென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பெகு, மியன்மா.