ஞாயிறு கலந்துரையாடல்: சியோலின் மாற்று வெளிகள்

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 7 மணிக்கு நாம் பேசப்போவது, கூச்சி நிறுவனம் 2020-இல் சியோலின் டேலிம் அருங்காட்சியகத்தில் நடத்திய ‘நோ ஸ்பேஸ், ஜஸ்ட் எ ப்ளேஸ்’ கண்காட்சி பற்றி. தொகுத்தவர் மிரியம் பென் சலா.

கைப்பை விற்கும் நிறுவனத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், அதையும் பேசுவோம். ஆனால் என்னை ஈர்த்தது வேறு. சியோலில் சுயேச்சையாக இயங்கும் 10 சிறு கலைவெளிகளை அழைத்து, ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குள் இடம் கொடுத்தார்கள். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, காட்சிக்கூடங்களில் வாய்ப்புக் கிடைக்காத இளம் கலைஞர்கள் தாங்களே இடம் தேடிக்கொண்ட மரபு அங்கே உண்டு. அப்படிப்பட்ட மாற்றுக் கலைவெளிகளான லூப், பூல், சருபியா மூன்றுமே 1999-இல் தொடங்கியவை. கண்காட்சிக்கு அழைக்கப்பட்ட பத்தில் ஒன்றான போவான்1942 ஒருகாலத்தில் தங்கும் விடுதி. டேலிம் இருக்கும் அதே டோங்குயி-டோங் பகுதியில்தான் இருக்கிறது. அதன் படங்களைத் தேடிப் பாருங்கள், அந்தப் பழைய சுவர்களுக்காகவே பார்க்கலாம்.

இந்த வெளிகளோடு, தனிக் கலைஞர்கள் ஐவரும் கண்காட்சியில் உண்டு. அவர்களில் காங் சியுங் லீயின் பகுதியை அவசியம் பாருங்கள். கொரியாவின் பால்புதுமையினர் (LGBTQ) வரலாற்றை ஆவணங்கள் வழியே மீட்கும் வேலை அவருடையது. ‘மற்றவர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நினைவும் ஓர் இடம்தான் என்பதை அவரிடம்தான் நான் கண்டேன்.

இந்தக் கண்காட்சிக்கு அடிப்படையான, பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1967 உரையில் சொன்ன ‘ஹெட்டரோடோப்பியா’ (வழக்கமான இடங்களிலிருந்து மாறுபட்டு இயங்கும் ‘வேறு இடங்கள்’) கருத்தைப் படித்தவர் யாராவது பத்து நிமிடம் விளக்க முடியுமா? சனிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். கூட்டத்துக்கான இணைப்பு ஞாயிறு காலை வரும்.