எட்டுக் கேன் கடல்

மதுரை,
கார்த்திகை 20.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று சொல். இங்கே ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. வைகையில் தண்ணீர் போகிறது. பெரியவளுக்கு அரையாண்டுப் பரீட்சை நெருங்குகிறது, வீடே அமைதியாகக் கிடக்கிறது. உன் தங்கச்சி உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் கடல் மீன் தொட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான், திண்டுக்கல்லில் விசாரித்தால் விலையெல்லாம் மலையாக இருக்கிறது, கடலே இல்லாத மதுரையில் நீ உப்புத் தண்ணீருக்கு எங்கே போகிறாய், மீன் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டிருக்கிறாய். நாலு வருஷத்தில் நான் பட்டதையெல்லாம் எழுதிவிடுகிறேன். உன் பையன் மீனைச் சாகக் கொடுத்துவிட்டு அழக்கூடாது.

முதலில் தண்ணீர். என் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 190 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடமும் அடியில் மணலும் போக 160 லிட்டர்தான் நிற்கிறது. அதாவது குடிதண்ணீர் கேன் இருக்கிறதல்லவா, 20 லிட்டர் கேன், அதில் எட்டு. மொத்தக் கடலும் எட்டுக் கேனில் அடங்கிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு கேன் இருந்தால் போதும், பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவதற்கு.

இந்தக் கேன் எனக்கு மீன் வண்டியில் வருகிறது. விடிவதற்கு முன்னால் மண்டபம், ராமேஸ்வரம் பக்கமிருந்து மதுரை மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகள் வருவது உனக்குத் தெரியும். அதில் ஒரு டிரைவர் அண்ணனிடம் பேசி வைத்திருக்கிறேன். கேனுக்கு 60 ரூபாய் கொடுக்கிறேன். மாதம் 120 ரூபாயோடு தண்ணீர் செலவு முடிந்துவிடுகிறது. கேன் புதிதாக இருக்க வேண்டும், வேறு எதற்கும் புழங்கியிருக்கக் கூடாது, ஐஸ் உருகிய தண்ணீர் மூடியில் படக்கூடாது, இந்த மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு நாளும் தவறியதில்லை. அவர் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படி ஒரு பழக்கமாகிவிட்டது.

முதல் எட்டுக் கேனை மட்டும் மண்டபத்துக்கு நானே போய்த்தான் எடுத்தேன். விவரம் தெரியாமல், வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறதே என்று படகுகள் கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி, நாலு கேனை நிரப்பிவிட்டேன். வெயில் பட்டதும் தண்ணீரின் மேல் மெல்லிய படலம் வானவில் நிறத்தில் விரிந்தது. டீசல். சற்றுத் தள்ளி மணலில் கரைவலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "அதைக் கொட்டிட்டு இங்கிட்டு வாங்க தம்பி" என்று கூப்பிட்டார். அரை மைல் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பளவுத் தண்ணீர் வரை போய், கேனை மூடியோடு முழுசாக முக்கி, தண்ணீருக்கு அடியில் மூடியைத் திறந்து, நிரம்பியதும் அடியிலேயே மூடச் சொன்னார். மேலாக மிதக்கும் அழுக்கு எதுவும் உள்ளே வராது. அவர் கை காட்டிய அந்த முறையில்தான் இன்றைக்கும் டிரைவர் அண்ணன் எடுத்து வருகிறார்.

இன்னொன்றும் அந்தப் பெரியவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மண்டபம் ஒரு ஒடுக்கமான நிலம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, அதை வடகடல் என்கிறார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காற்றுக்கு அப்படியே தலைகீழ். எந்தக் கடல் அமைதியாக இருக்கிறதோ அதில் எடுத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும், சேறு கலங்கியிருக்காது. மழைக்காலத்தில் எடுக்கவே வேண்டாம். மழை நீர் கலந்து கடலே சப்பென்று ஆகிவிடுகிறது. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பு பார்க்கும் மானி ஒன்று வைத்திருக்கிறேன். நல்ல கடல் தண்ணீருக்கு 1.025-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். சென்ற வருஷம் இதே கார்த்திகையில் வந்த கேன் 1.019 காட்டியது. அதனால்தான் இப்போதே தொடங்கிவிடலாமா என்று நீ கேட்டதற்கு, தை வரை பொறு என்கிறேன்.

தண்ணீர் வந்ததும் நேராகத் தொட்டியில் ஊற்றிவிடாதே. பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டு. ஒரு டிரம்மில் விட்டு, வெளிச்சம் படாமல் மூடி, காற்றுக் குழாய் மட்டும் ஓடவிட்டு ஒரு வாரம் வை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் ஏராளம். அவை செத்து அடியில் படியட்டும். பிறகு காற்றை நிறுத்தி, கசடு அடங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொள்.

தூத்துக்குடிக் கல் உப்பைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்டிருந்தாய். ஆகாது, மாப்ள. உப்பளத்தில் கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. அப்புறம் உப்பு பூக்கிறது. மக்னீசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் தங்கிவிடுகிறது, அதைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். நம் கைக்கு வருவது வெறும் சோடியம் குளோரைடு. சமையலுக்கு அது போதும், மீன் உயிரோடு இருக்கப் போதாது. இதற்கென்றே எல்லாத் தாதுக்களும் சேர்த்து விற்கிற உப்புப் பாக்கெட் இருக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஆர்ஓ தண்ணீரில் கரைக்க வேண்டும், அதாவது ஒரு கேனுக்கு 700 கிராம். என் தொட்டி முழுவதற்கும் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் ஆகியிருக்கும், அது கையைக் கடிக்கும். ஆனால் ஒரு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் வண்டிகள் குறைந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு நான் நாலு கேனை முன்கூட்டியே வாங்கி நிழலில் வைத்துவிடுகிறேன்.

இனி மீன். இதை எழுத எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தொட்டி வைத்த புதிதில் ஒரு கடையில் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றை விலை குறைத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்து எதைப் போட்டாலும் தின்னவில்லை. இறாலை அரிந்து போட்டேன், சிப்பிச் சதையை நசுக்கிப் போட்டேன். அருகில் வந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். ஒன்பதாம் நாள் காலையில் வடிகட்டிக் குழாயில் ஒட்டிக் கிடந்தது. அந்த இனத்தில் பலவும் பவளத்தின் உயிருள்ள சதையைத் தவிர வேறெதையும் தின்னாது என்று பிறகுதான் படித்தேன். கடலில் பிடித்த அன்றைக்கே அதன் சாவு முடிவாகிவிட்டது. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் தொட்டியில் பிறந்த மீனைத் தவிர வேறு வாங்குவதில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறதே, 1947-ல் தொடங்கிய நிறுவனம், அங்கே கோமாளி மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை ரொம்ப நாளைக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். வெளி ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி வளர்க்கிறார். அவரிடம் கட்டைவிரல் நகம் அளவில் நாலு குஞ்சு வாங்கினேன். கடையில் ஒன்றுக்குக் கேட்ட விலையில் இரண்டு வந்தது. விலை கிடக்கட்டும், பிறந்ததிலிருந்தே தூள் தீனி தின்று பழகிய மீன் அது. வந்த அன்று சாயங்காலமே என் கையைப் பார்த்து மேலே வந்து தின்றது. கடலில் இந்த மீன் கடல் சாமந்தி என்கிற, பூ மாதிரி இருக்கும் ஒரு உயிரினத்தின் நடுவில் வாழ்கிறது, உன் பையன் அதையும் கேட்பான். வாங்காதே. அதை உயிரோடு வைத்திருப்பது மீன் வளர்ப்பதைவிடச் சிரமம். அது இல்லாமலே கோமாளி மீன் நன்றாக இருக்கும்.

கரைவலையில் ஓசியிலேயே குட்டி ஓரா, கீச்சான் எல்லாம் கிடைக்கும். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஓரா முழங்கை நீளத்துக்கு வளரும், முள் குத்தினால் கடுத்து எடுக்கும். மூன்றடித் தொட்டியில் அதை அடைப்பது பாவம்.

யாராவது கடல் குதிரையோ பவளக் கல்லோ மலிவாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதே. இரண்டையும், கடல் அட்டையையும் 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தாயிற்று. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. சட்டத்தை விடு, மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அந்தக் கடலிலிருந்து என் வரவேற்பறைக்கு ஒரு கல் கூட வரவேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

அதற்குப் பதில் மானாமதுரையில் இறங்கி மண் சட்டியும் ஓடும் வாங்கிக்கொண்டேன். மெருகு பூசாத சுட்ட மண். பாதி உடைத்துக் கவிழ்த்தால் குகை மாதிரி ஆகிவிடும். நாலு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் போட வேண்டும். மூன்று மாதத்தில் பாசி படர்ந்து கடலடிப் பாறை போலவே ஆகிவிட்டது.

தண்ணீர் ஊற்றியதும் மீன் விட்டுவிடாதே. மீனின் கழிவில் வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற ஐந்தாறு வாரம் ஆகும். உனக்கு அவ்வளவு நாள் ஆகாது. என் வடிகட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை ஈரத்தோடு எடுத்துத் தருகிறேன், அது உறை மோர் மாதிரி. இருந்தாலும் அம்மோனியா பார்க்கும் மருந்து வாங்கி, சுழியம் காட்டிய பிறகே மீன்.

கோடையில்தான் பயம். சித்திரை வெயிலில் என் தொட்டி 31 டிகிரி வரை போகும். குளிர்விக்கும் மெஷின் நமக்குக் கட்டுப்படியாகாது. மேலே ஒரு சின்ன மின்விசிறி வைத்துத் தண்ணீரின் மேல் காற்று படவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அதிகம் ஆவியாகும். போவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் அளவுக் கோடு போட்டு, குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் ஈடு செய்ய வேண்டும், கடல் தண்ணீரால் அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் நிறுத்தும் நாளுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த சங்கதி ஒன்று. நாலு குஞ்சில் ஒன்று பெரிதாக வளர்ந்து பெண்ணாகிவிட்டது. இந்த மீன் எல்லாமே ஆணாகத்தான் பக்குவமாகும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதற்குத் துணை. மற்ற இரண்டையும் அவை துரத்த ஆரம்பித்ததால் வளர்த்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புரட்டாசியில் ஒரு நாள் மானாமதுரை மண் ஓட்டை ஆண் மீன் வாயால் சுத்தம் செய்துகொண்டே இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஓட்டின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள், கம்பு மணியை நெருக்கி நட்ட மாதிரி. ஆண் அதை விட்டு நகரவில்லை. துடுப்பால் விசிறும், ஒவ்வொன்றாக வாயால் தொடும், கெட்டுப்போனதைப் பொறுக்கி எடுக்கும். ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண். பெரியவள் பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டாம் நாள் ராத்திரி விளக்கணைத்த பிறகு பொரித்தன. குஞ்சுக்குக் கொடுக்க வேண்டிய நுண்ணுயிர்த் தீனி, ரோட்டிஃபர் என்கிறார்கள், என்னிடம் இல்லை. மூன்று நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது மறுபடி முட்டை வைத்திருக்கிறது. குஞ்சு வாங்கிய வீட்டுக்காரர் ரோட்டிஃபர் வளர்க்கச் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு மண்டபம் போகிறேன். நீயும் சின்னவனைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே இங்கே வந்துவிடு. வாடைக்காலம், அதனால் தென்கடலில் எடுப்போம். புதுக் கேன் எட்டு வாங்கிக்கொண்டு வா, திண்டுக்கல்லுக்கு ஏற்றிப் போக ஒரு சின்ன யானை வண்டி பேசித் தருகிறேன். ஒரு கேன் இருபதரைக் கிலோ, நீ தூக்காதே, உன் முதுகு எனக்குத் தெரியும். வரும்போது என் தங்கச்சியிடம் கேட்டு, அத்தை போடும் நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வா.

அன்புடன்,
உன் மாப்ள.