நீளம் ஒரு குறையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெரி கேவனா 2010இல் வெளியிட்ட 'விவிவிவிவிவி' (VVVVVV) என்ற கணினி விளையாட்டு சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது என்று உங்கள் விமர்சகர் குறைபட்டிருந்தார். எனக்கு நாலு மணி நேரம் ஆனது, நானூறு தடவைக்கு மேல் செத்தேன் (கை அவ்வளவு நிதானம்!).

இதில் குதிக்கும் பொத்தானே கிடையாது. ஈர்ப்பு விசையைத் தலைகீழாக்கி, தரைக்கும் கூரைக்குமாக விழுந்துகொண்டே போக வேண்டும். அந்த ஒரே உத்தியை, தொட்டதும் திசை மாற்றிவிடும் கோடு, நகரும் தளம் என்று விதவிதமாகச் சோதித்து, அலுப்பதற்குள் முடித்துவிடுகிறார். இன்னும் இழுத்திருந்தால் நானே மூடிவைத்திருப்பேன்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. விளையாட்டின் கதைப்படி தொலைந்துபோன விண்கலத் தோழர்களைத் தேடும்போது, பார்த்த அறைகளிலேயே திரும்பத் திரும்பச் சுற்றினேன். அதைப் பற்றி விமர்சனத்தில் ஒரு வரிகூடக் காணோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை