சுடலைக்கு ஒரு கடுதாசி

ஏலே சுடலை, எப்படி இருக்க? மதினி, பிள்ளையள்லாம் சொகமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுட்டு, இப்போ கடைக்கு வந்து கல்லாவ எண்ணுதா, எனக்குத்தான் தொல்ல.

நீ விளம்பரக் கம்பெனில இருக்கியேன்னுதான் இத எழுதுதேன். போன வாரம் ஒரு க்ரீம் கம்பெனி சேல்ஸ் பையன் ஆளுயர ஸ்டாண்டிய, அதான் நிக்க வைக்கித விளம்பர அட்டைய, தூக்கிட்டு நம்ம ஃபேன்சி ஸ்டோருக்கு வந்தான், வாசல்ல வச்சா டஜனுக்கு ரெண்டு ஃப்ரீயாம். படத்துல ஒரே பிள்ள, இடது பக்கம் கருப்பா தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு, வலது பக்கம் வெள்ளையா கையில வேலை ஆர்டரோட சிரிக்கா. உத்துப் பாத்தா இடது பக்கம் லைட்டே கம்மி, தலைகூட சீவல. க்ரீம் என்னத்தலே பண்ணுச்சு, சீப்புல்லா பண்ணிருக்கு!

வேண்டாம் தம்பின்னேன். 'ஜனங்க கேக்காங்க அண்ணாச்சி, நாங்க கொடுக்கோம்'ங்கான். கேக்காங்கதான், பொண்ணு பாக்க வாரவன் மொதல்ல கலரத்தான பாக்கான், அது விளம்பரத்துக்கு முந்தியே நம்மூர்ல உள்ள சீக்கு. ஆனா 1975ல ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் வந்ததுல இருந்து கருப்பா இருந்தா மாப்ள கெடைக்காது, வேல கெடைக்காதுன்னு டிவில காட்டிக் காட்டி அந்தச் சீக்கு ஆறாம பாத்துக்கிட்டது யாரு? ஆம்பளையளயும் விடல, 2005ல அவனுக்குன்னு ஃபேர் அண்ட் ஹாண்ட்சம், பொம்பள க்ரீம ஒளிச்சு வச்சுப் போடுதியான்னு கேலி வேற. சென்னைல 2009லயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', கருப்பும் அழகுதான்னு இயக்கம் ஆரம்பிச்சாங்க, க்ரீம் பேரு மாறல. 2020ல அமெரிக்கால ஜார்ஜ் ஃப்ளாய்ட போலீஸ் கொன்ன பொறவு உலகம் பூரா சத்தம் கெளம்பவும்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' போயி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. நம்ம பிள்ளையள் அழுதது மட்டும் கேக்கல பாரு.

கேட்டு வாரவங்களுக்கு நானும் க்ரீம் எடுத்துக் கொடுக்கத்தான் செய்தேன், அது யாவாரம். சும்மா வளையல் வாங்க வந்தவள வாசல்லயே நிறுத்தி 'நீ கருப்பு'ன்னு சொல்லது வேற.

ஸ்டாண்டி இப்போ எதுத்த கடைல நிக்கி, அங்க க்ரீம் நல்லாத்தான் ஓடுது. கருப்பா இருக்கவங்கள சோகமா, மட்டமா காட்டக்கூடாதுன்னு உங்க விளம்பரக் கவுன்சிலே 2014ல ரூல் போட்டுட்டுல்லா, பொறவு எப்படிலே இந்தப் படமெல்லாம் அச்சாகுது? உங்க மீட்டிங்ல யாரும் வாயத் தொறக்க மாட்டாவளா? ஆனித் தேருக்கு வாரேல்லா, அப்போ விவரமா சொல்லு. வரும்போது அம்மாவுக்கு ஒரு நல்ல கூலிங் கிளாஸ் வாங்கிட்டு வா.