காது போதும் என்ற அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இசைப் பக்கத்தில், "ஸ்வரக் குறிப்பு அரைகுறைகளின் ஊன்றுகோல், நல்ல மாணவருக்குக் காது போதும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. பாட்டை ஸ ரி க ம என்று எழுதிவைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

காதை மட்டுமே நம்பி ஏழு ஆண்டுகள் படித்தவள் நான். ஒன்பது வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் பாடினால் பாடுவேன், நிறுத்தினால் நிற்பேன். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை பாடும்போது ரிஷபம் ('ரி') ஏன் ஷட்ஜத்தை ('ஸ') இவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "முதலில் பாடு" என்றார். அந்த 'முதலில்' கடைசிவரை முடியவில்லை.

72 மேளகர்த்தாக்களின், அதாவது தாய் ராகங்களின், பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ரிஷப காந்தாரச் (ரி, க) சேர்க்கை 6, தைவத நிஷாதச் (த, நி) சேர்க்கை 6, பெருக்கினால் 36, மத்தியமம் (ம) இரண்டு என்பதால் 72. இந்தச் சின்னக் கணக்கை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எழுத்துக்கு எண் தரும் கடபயாதி சூத்திரத்தையும் நெட்டுருப் போட்டேன். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேளகர்த்தாவின் வரிசை எண் வரும். 'மாயா' என்றால் 5, 1; ஆகவே 15. ஆனால் 29ஆம் மேளகர்த்தாவான தீரசங்கராபரணத்தில் 'ர' 2, 'தீ' 9 ஆக வேண்டுமே? தமிழில் இருப்பது ஒரே 'த'. அங்கே வருவது வடமொழியின் நான்காம் 'த' என்று பாடநூலில் ஒரு அடிக்குறிப்புகூட இல்லை. நான் முதல் 'த' என்று கொண்டு, 6 போட்டு, 29க்குப் பதிலாக 26 என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய அவமானம் வாய்மொழித் தேர்வில் நடந்தது. தேர்வாளர் அகாரத்தில், அதாவது வெறும் 'ஆ' என்று, சிறிய ராகத் துண்டு ஒன்றைப் பாடி, "ஸ்வரம் சொல்" என்றார். ராக லட்சணம் என்ற ராக இலக்கணத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான் வாயடைத்து நின்றேன். காது போதுமென்றால் ஏழு ஆண்டுப் பழக்கம் அன்று எங்கே போயிற்று?

38 வயதில் மீண்டும் மாணவியானேன். இப்போதைய ஆசிரியை தினமும் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, அகாரத்தில் பாடுவார். நான் தாளம் போட்டுக்கொண்டே கேட்டு, நோட்டில் ஸ்வரமாக எழுத வேண்டும். முதல் சில மாதங்கள் வெறும் அடித்தல் திருத்தல்தான். பிறகு ஒருநாள், எழுதுவதற்கு முன்பே காந்தாரம் ('க') காதில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. அன்று அழுதுவிட்டேன். எனக்குக் காது திறந்தது அந்த நோட்டால்தான், ஐயா.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் முழுவதும் எழுத்தில் அடங்காது என்பது எனக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில் வளர்ந்த சுப்பராம தீட்சிதருக்கு அது தெரியாதா? அவர்தானே 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இட்டு அச்சேற்றினார்? தாங்கள் அறியாததல்ல. அவரையும் அரைகுறை என்பீர்களா?

இன்னொன்று. அதே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பயிற்சி வரியில் தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) ஷட்ஜத்தைக் காட்டும் புள்ளி அதன் மேல் இல்லை. ஸ்வரத்தை நீட்டச் சொல்லும் இரண்டு காற்புள்ளிகளும் விடுபட்டுவிட்டன. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) வேண்டிய இடத்தில் ஆறுதான் இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பாடிப் பார்க்கும் குழந்தை, பிழை தன்னுடையது என்றே நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும், புள்ளியும் காற்புள்ளிகளும் சேர்த்து மறுபடி அச்சிடுங்கள். பக்கத்தின் மூலையில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி