சுவரில் இருந்த படத்தைக் கழற்றித் தந்தவர்களுக்கு

அன்பான உறவுகளே,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் 50 ஆண்டு நிறைவை ஒட்டிப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து வைத்த படக் கண்காட்சி நல்லபடி முடிந்தது. வந்தவர்கள் எங்கள் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த வாழ்த்துக்கு உரியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் கூட்டத்தில் எங்கள் யோசனை மேடை, பேச்சு, பொன்னாடை என்றுதான் போனது. நூலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அக்காதான் இடையில் சொன்னார்: "தம்பியவை, பேச்சு எல்லா வருசமும் கேக்கிறம். பழைய படங்களை ஒருக்காத் தேடி எடுத்து எல்லாருக்கும் காட்டுங்கோ." அக்கா, கண்காட்சி உங்களுடையது. நன்றி.

தேடத் தொடங்கிய பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று போர் நெருங்கி வர, யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமம் பகுதி முழுக்க வெளிக்கிட்டுக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச உடுப்பு, அரிசி இவைதான் எங்கள் கையில் இருந்தன. அல்பத்தை யார் தூக்கினார்கள்? எங்கள் வீட்டு அல்பமும் அப்படியே போய்விட்டது. அதனால் 50 படம் சேர்ந்தாலே பெரிய காரியம் என்று நினைத்திருந்தோம். 300க்கு மேல் வந்து சேர்ந்தன.

1974இல் எங்கள் பல்கலைக்கழகம் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியபோது கலை வகுப்புகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் நடந்தன. விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியில். அந்த வட்டுக்கோட்டைக் காலத்து மாணவரான ஒரு ஐயா, இடம்பெயர முன்னர் படங்களைப் பொலித்தீனில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் வைத்து, கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது ஓரங்கள் கரைந்திருந்தனவாம், முகங்கள் தப்பிவிட்டன. அந்தப் படங்களை அதே ரின்னோடு கொண்டுவந்து தந்தார். ரின்னையும் மேசையில் வைத்தோம். பிள்ளைகள் அதிகநேரம் நின்றது அதற்கு முன்னால்தான்.

இன்னொரு வீட்டில், வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதியோடு ஊழியர்கள் வரிசையாக நிற்கும் ஒரு படம் சுவரில் மாட்டியிருந்தது. பின்வரிசையில் இருப்பவர் அந்த வீட்டுக்காரர். அவர் இப்போது இல்லை. படத்தைக் கழற்றியபோது சுவரில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பத்து நாள்தானே, கொண்டு போங்கோ" என்றார். வீதிக்கு வந்த பிறகும் எனக்குக் கதைக்க முடியவில்லை. அம்மா, அந்தப் பத்து நாளுக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது!

படங்களை ஸ்கான் செய்து தந்த ஸ்ரூடியோக்காரத் தம்பி ஒரு சதமும் வாங்கவில்லை. முகங்களுக்குப் பெயர் தேடியது பெரும்பாலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பழைய ஆட்கள். இங்கே விடியும்போது வட்ஸ்அப்பில் பத்துப் பதினைந்து பெயர்கள் வந்து கிடக்கும். ஒரு படத்துக்கு மட்டும் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் படத்தில் இருந்தவரே அழைத்துத் தன் பெயரைச் சொன்னார்.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் பனர் வந்தது. 1974 என்பது 1947 என்று அச்சாகியிருந்தது. மனம் விட்டுப்போச்சு. கடை பூட்டி வீட்டுக்குப் போயிருந்த இன்னொரு அச்சகக்கார அண்ணை, விஷயத்தைக் கேட்டுத் திரும்பி வந்து கடை திறந்து, இரவு பதினொரு மணிக்குப் புதுப் பனர் தந்தார். அண்ணை, அண்டைக்கு நீங்கள் சாப்பிடாமல் வந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

மழைக்குத் தறப்பாள் கட்டிய மாணவர்களுக்கும், கதிரை இறக்கிய பிள்ளைகளுக்கும், மூன்று நாளும் தேத்தண்ணியும் வடையும் தந்த கடைக்கும் நன்றி.

படங்கள் எல்லாவற்றையும் வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அம்மாவின் சுவரில் அந்தப் படத்தை நானே மாட்டிவிட்டு வந்தேன். ஒரு கடித உறை மட்டும் மிச்சம். யாரோ மேசையில் பெயர் எழுதாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கரப்பந்தாட்டக் குழுவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நடுவில் நிற்பவரின் இடது முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறது. உங்களுடையது என்றால் வாருங்கள், பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர் சார்பில்
ஒரு பழைய மாணவன்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்