பூச்சாடியின் பளபளப்புக்குள் இருக்கும் வேதியியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரிகிரி மண்பாண்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த படக்கட்டுரை அவற்றின் அழகை நிறைவாகவே காட்டியது. ஆனால் அந்தப் பளபளப்பும் நிறமும் எவ்வாறு உண்டாகின்றன என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை; குயவர்களின் கைத்திறனை மட்டுமே அது பேசியது.

காட்பாடியை அடுத்த அவ்வூரின் பூச்சாடிகள் மீது மின்னுவது பெயின்ட் அன்று, மெல்லிய கண்ணாடிப் படலம். கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா தனியே உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சாதாரணக் களிமண் கலம் அந்தச் சூட்டில் உருக்குலைந்துவிடும். ஆகையால் 1,000 டிகிரிக்குள்ளேயே பூச்சு உருகிப் படியும்படி, உலகின் பல பகுதிகளிலும் குயவர்கள் நெடுங்காலமாக ஈய ஆக்சைடைச் சேர்த்து வந்துள்ளனர். நிறத்தைத் தருபவை பூச்சில் கலக்கும் உலோகங்கள்: கோபால்ட் நீலத்தையும், இரும்பு மஞ்சள் முதல் பழுப்பு வரையிலான நிறங்களையும் தருகின்றன. செம்பின் போக்கே விசித்திரமானது: ஈயப் பூச்சில் இலைப்பச்சையாகவும், சோடா மிகுந்த பூச்சில் பச்சை கலந்த நீலமாகவும் நிற்கும் அது, சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் சிவப்பாகவும் மாறக்கூடும். எந்த நேரத்தில் சூளையை அடைப்பது, எப்போது திறப்பது என்று கண்ணளவாலேயே முடிவு செய்தவர்களுக்குக் கைத்திறன் மட்டும் இருந்தது என்று எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

பூச்சில் மயிரிழைபோல் ஓடும் விரிசல்களைப் பழமைக்குச் சான்றாகக் காட்டி விலை ஏற்றுவோரும் உண்டு. ஆறும்போது பூச்சு கலத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கினால், நேற்றுச் சுட்ட சாடியிலும் அவை தோன்றும். இதைவிட முக்கியமானது, ஈயப் பூச்சிட்ட பழைய பாண்டங்களில் ஊறுகாயோ புளிக்குழம்போ வைக்கலாகாது என்பது. புளிப்பு ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். இன்று ஈயமில்லாப் பூச்சுகள் கிடைக்கின்றன என்றாலும், வாங்குபவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்துவிட்டது. கலைப்பொருளைச் சுரண்டாமலேயே அதிலுள்ள தனிமங்களை அறியும் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவிகளும் இப்போது உள்ளன. எனவே மாவட்ட அருங்காட்சியகங்களில் பொருளின் பெயர், காலம் ஆகியவற்றோடு பூச்சின் சேர்மானத்தையும் சுட்ட வெப்பத்தையும் விளக்க அட்டையில் சேர்க்க அருங்காட்சியகத் துறை முன்வர வேண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வரும் வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்திலேயே இதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காட்பாடி.